வரைபடக் கோப்பைப் படிக்கும் நிரல்

ஜோர்ஜ்டவுன் நகரில் ஓடும் ஆறு சுங்கை பினாங். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு; ‘பினாங்’ என்றால் பாக்கு. நமக்குத் தெரிந்த இச்செய்தி கணினிக்கு எப்படித் தெரியும்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட இலவச உலக வரைபடம். தன்னார்வலர்கள் அதில் இடங்களைச் சேர்க்கின்றனர். அதன் தரவுகள் எக்ஸ்.எம்.எல். கோப்பாகக் கிடைக்கின்றன. அக்கோப்பின் அமைப்பை எளிமையாக்கிக் காட்டினால் இப்படி இருக்கும்:

<ஆறு>
  <பெயர்>சுங்கை பினாங்</பெயர்>
  <நகரம்>ஜோர்ஜ்டவுன்</நகரம்>
</ஆறு>

அடைப்புக்குள் இருப்பவை குறிச்சொற்கள். ஒவ்வொரு தகவலும் ஒரு தொடக்கக் குறிச்சொல்லுக்கும் சாய்கோடுள்ள முடிவுக் குறிச்சொல்லுக்கும் இடையில் அமைகிறது. இதை ஒரு மரமாக எண்ணிப் பாருங்கள். ‘ஆறு’ அதன் வேர்; ‘பெயர்’, ‘நகரம்’ இரண்டும் கிளைகள்.

கோப்பை இவ்வாறு பிரித்து அறிவதே பகுத்தாய்வு. பைத்தன் நிரல்மொழியில் இதற்கு எலிமென்ட்ட்ரீ என்னும் கருவி உண்டு. முதலில் கோப்பைத் திறக்க வேண்டும். அடுத்து வேரைப் பெற வேண்டும். பின்னர் ‘பெயர்’ என்னும் கிளையைத் தேடி, அதன் உள்ளடக்கத்தை எடுக்க வேண்டும். முடிவுக் குறிச்சொல் ஒன்று விடுபட்டாலும் பைத்தன் பிழையைக் கண்ட வரியின் எண்ணைக் காட்டி நின்றுவிடும்.

அவ்வரைபடத்தில் ஓர் இடத்தின் பெயரை மலாய், சீனம், தமிழ் எனத் தனித்தனியே குறிக்க வழியுண்டு. ஆனால், நிரல் எழுதப்பட்டதை மட்டுமே கண்டெடுக்கும். தமிழ்ப் பெயரை எவரும் எழுதாவிட்டால், எத்தனை முறை தேடினாலும் அது கிடைக்காது.