சிறையிலிருந்து வென்ற உறுப்பினர்

ஆட்சியாளரை விமர்சிக்கும் உரிமை, நாவடக்கம் உள்ளவருக்கு மட்டும்தானா? இல்லை என்பதற்கு அமெரிக்காவின் தொடக்ககால அரசியலே சான்று. அயர்லாந்தில் பிறந்த மாத்யூ லயன், 1764-ல் ஒப்பந்தக் கூலியாக அமெரிக்காவுக்கு வந்தவர். விடுதலைப் போர் தொடங்கியபோது ஈதன் ஆலனின் படையில் சேர்ந்து போரிட்டார். 1797-ல் வெர்மான்ட் மாநில மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார்கள். ஆனால், அவரைக் கண்ணியத்தின் உருவமாகக் காட்ட முடியாது. போர்க்காலத்தில் தன் காவல் நிலையை விட்டு விலகியதாக ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 1798 ஜனவரியில் சக உறுப்பினர் ராஜர் கிரிஸ்வோல்ட் அதைச் சொல்லிக் குத்திக்காட்ட, சபையிலேயே லயன் அவர் முகத்தில் உமிழ்ந்தார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியால் அடிக்க, லயன் நெருப்பிடத்து இடுக்கியை எடுத்துக்கொண்டு எதிர்த்தார். இப்படிப்பட்டவரைத் தண்டித்ததில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். ஆனால் அவர் சிறை சென்றது அந்த அடிதடிக்காக அல்ல, எழுத்துக்காக. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் ஆடம்பரமும் பேராசையும் கொண்டவர் என்று சாடி ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஆட்சியாளரைச் சாடி எழுதுவதைக் குற்றமாக்கி, அவரைச் சிறைக்கு அனுப்பிய தேசத்துரோகச் சட்டம் 1798 ஜூலையில் நிறைவேறியது. கடிதம் அதற்கு முன்பே எழுதப்பட்டது, அச்சேறியது மட்டும் பின்னர்.

பிரான்சுடன் போர் மூளும் அபாயம் இருந்ததால் சட்டம் தேவைப்பட்டது என்பார்கள். அபாயம் உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் ஜனாதிபதியையும் காங்கிரஸையும் காத்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த துணை ஜனாதிபதி ஜெஃபர்சனைக் காக்கவில்லை. ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் 1801 மார்ச்சிலேயே சட்டமும் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தது. நாட்டைக் காக்கும் சட்டத்துக்கு இந்தக் கணக்கு எதற்கு? எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை உண்டே என்றும் வாதிடலாம். ஒருவர் பேராசைக்காரர் என்பது கருத்து. அதற்கு எந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது? லயனுக்கு நான்கு மாதச் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில் 16 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஓர் அறை. மூலையிலேயே நாறும் கழிப்பிடம். கதவில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை.

அங்கிருந்தபடியே டிசம்பர் தேர்தலில் அவர் வென்றார். வெளியே வந்தவரைச் சபையிலிருந்து நீக்க முயன்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1801-ல் சபையே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது, முப்பத்தாறாம் சுற்றில் வெர்மான்ட்டின் வாக்கை ஜெஃபர்சனுக்கு அளித்தவர் இதே லயன். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1840-ல், அபராதத் தொகையை வாரிசுகளுக்குத் திருப்பித் தர காங்கிரஸ் முடிவெடுத்தது. சட்டத்தின் தவறை நாடு ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; வெர்மான்ட் வாக்காளர்களுக்கோ சில வாரங்களே போதுமானதாக இருந்தது. ஆட்சியாளரின் பெயரைக் காக்கும் பொறுப்பைக் காவலரிடம் கொடுப்பதைவிட, வாக்காளரிடம் விடுவதே பாதுகாப்பானது.