கராஜுக்கு ஒரு கம்ப்ரசர்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

ஊரில் இருந்தவரை கம்ப்ரசர் என்றால் நமக்குப் பஞ்சர் கடைதான். கடை வாசலில் பெல்ட் சுற்ற டக் டக்கென்று ஓடும் அதை வீட்டுக்கு வாங்குவோம் என்று யாரும் நினைத்ததில்லை. அமெரிக்காவில் கராஜோடு ஒரு வீடு வாங்கியதும் கதை மாறிவிடுகிறது. டயர் மாற்ற, பிரேக் பார்க்க என்று கடையில் கேட்கும் கூலியைப் பார்த்தால் "நாமே பண்ணிடலாமே" என்று தோன்றும். பிறகு மர வேலை, பெயின்ட் என்று ஆசை வளரும். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள்: "எத்தனை கேலன் கம்ப்ரசர் வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "கேலன் இருக்கட்டும், என்ன கருவி ஓட்டப் போறீங்க?"

மாடித் தொட்டிக் கணக்கு

நம் ஊர் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அளவுதான் கேலன். கீழே இருக்கும் மோட்டார் நிமிஷத்துக்கு எவ்வளவு ஏற்றுகிறதோ அது சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று. பி.எஸ்.ஐ. என்பது அழுத்தம். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மோட்டார் சின்னது என்றால், கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போனதும் தண்ணீர் நின்றுவிடும். காற்றும் அப்படித்தான்.

பெரும்பாலான காற்றுக் கருவிகளுக்கு 90 பி.எஸ்.ஐ. வேண்டும். ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டிய வரி, "90 பி.எஸ்.ஐ.யில் எத்தனை சி.எஃப்.எம்." என்பது. அதே மிஷினை 40 பி.எஸ்.ஐ.யில் அளந்தால் எண் பெரிதாக வரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு லிட்டர் கணக்கு: ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், 90 பி.எஸ்.ஐ. சுமார் 6.2 பார். அங்கே சில பெட்டிகளில் மிஷின் உள்ளே இழுக்கும் காற்றின் அளவைப் பெரிதாகப் போடுவார்கள். நமக்கு வேண்டியது வெளியே வரும் காற்றின் அளவு.

எந்த வேலைக்கு எவ்வளவு?

டயருக்குக் காற்றடிக்க, சின்ன ஆணி அடிக்கும் துப்பாக்கி ஓட்ட 1 அல்லது 2 சி.எஃப்.எம். தாராளம். கார் சக்கர நட்டைக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு 4, 5 வேண்டும். ஆனால் அது விட்டுவிட்டு ஓடுவதால் கொஞ்சம் சமாளிக்கலாம். சமாளிக்கவே முடியாதது, விடாமல் காற்றுக் குடிக்கும் ரகம். சுற்றும் சாண்டர், கார் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் எல்லாம் பெரும்பாலும் 8 முதல் 12 கேட்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் அதிகம் விற்கும் 6 கேலன் மிஷினின் தொட்டி 0.8 கன அடி. 150 பி.எஸ்.ஐ.யிலிருந்து 90க்கு இறங்குவதற்குள் அது தரும் காற்று சுமார் 3.3 கன அடி. மோட்டார் நிமிஷத்துக்கு 2.5 ஏற்றுகிறது, சாண்டர் 10 குடிக்கிறது என்றால் அரை நிமிஷத்துக்குள் அழுத்தம் போதாமல் போய்விடும். அப்புறம் காற்று ஏறும்வரை காத்திருப்பதுதான் வேலை. 20 கேலன் தொட்டி வாங்கினாலும் காத்திருப்பு தள்ளிப்போகுமே தவிரத் தீராது.

குதிரை எங்கே ஓடும்?

பெட்டியில் "6 குதிரைத்திறன்" என்று போட்டிருந்தால் ஒரு பெருக்கல் போதும். அமெரிக்க வீட்டுச் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். துளிகூட வீணாகாமல் ஓடினாலும் அந்தப் பிளக்கிலிருந்து 2.4 குதிரைத்திறனுக்கு மேல் தொடர்ந்து எடுக்க முடியாது. பெரிய எண் எல்லாம் மோட்டார் கிளம்பும் ஒரு கணத்துக் கணக்கு. பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3000 வாட், ஆஸ்திரேலியாவின் 10 ஆம்பியர் பிளக்கில் 2300 வாட் கிடைக்கும். அங்கேயும் இதே பெருக்கல்தான்.

ஆக, நிஜமாகவே கார் பெயின்ட் அடிக்கப் போகிறவருக்கு 5 குதிரைத்திறன் மிஷின் வேண்டும், அதற்கு 240 வோல்ட் லைன் வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் பணத்தையும் கம்ப்ரசர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளக் தூரமாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் கார்டு போடாதீர்கள். வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும். கரண்ட் வயருக்குப் பதில் காற்றுக் குழாயை நீளமாக வாங்குங்கள்.

சத்தம் யாருக்கு?

எங்கள் கராஜுக்கு நேர் மேலே குழந்தை தூங்கும் அறை. அதனால் எனக்கு டெசிபல் முக்கியமாகிவிட்டது. ஆயில் இல்லாத மலிவு ரகங்கள் பல 80 டெசிபலைத் தாண்டிக் கத்தும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் வைத்த அமைதி ரகம் 60 அளவில் நிற்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தம். நான் எடுத்தது 8 கேலன், 60 டெசிபல், 90 பி.எஸ்.ஐ.யில் 2.2 சி.எஃப்.எம். டயருக்கும் ஆணிக்கும் போதும். சாண்டர் கரண்டில் ஓடுவது, இம்பாக்ட் ரெஞ்ச் பேட்டரியில் ஓடுவது. இப்போது பேட்டரிக் கருவிகள் நன்றாகவே வருகின்றன. எல்லாவற்றையும் காற்றில்தான் ஓட்டணும்னு கட்டாயம் இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

காற்றை அழுத்தும்போது அதில் இருக்கும் ஈரம் தண்ணீராகத் தொட்டியின் அடியில் தங்கும். ஹூஸ்டன், சிங்கப்பூர் மாதிரிப் புழுக்கமான ஊர்களில் இன்னும் அதிகம். வேலை முடிந்ததும் அடியில் உள்ள வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். வடிக்காமல் விட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். துரு தின்ற தொட்டி அழுத்தத்தில் வெடிக்கலாம். அதனால்தான் பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கிக்கொண்டு வர நான் சொல்ல மாட்டேன். வடிகால் திறந்ததும் செந்நிறத் தண்ணீர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் வைத்து ஓட்டுவதும் கூடாது.

சுவரோரம் லைன் இழுக்க பி.வி.சி. பைப் போடாதீர்கள். காற்றழுத்தத்தில் அது உடைந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் காற்றடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உடம்பில் பட்டிருக்கும் மரத்தூளைத் தட்ட அந்தக் குழாயைத் திருப்பாதீர்கள், பிள்ளைகளிடம் விளையாட்டுக்கும் நீட்டாதீர்கள். ஊர்ப் பட்டறைகளில் நண்பன்மேல் விளையாட்டாகக் காற்றடித்து உயிரே போன செய்திகள் வந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தொட்டிக் காற்றை முழுசா வெளியேற்றிவிட்டு, அப்புறம் கராஜ் விளக்கை அணையுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: நான் ஓட்டப்போகும் கருவிகளில் அதிகம் காற்றுக் குடிப்பது எது, அதற்கு 90 பி.எஸ்.ஐ.யில் எத்தனை சி.எஃப்.எம்., என் பிளக் எத்தனை ஆம்பியர். கருவி கேட்பதைவிடக் கால் பங்கு அதிகமாகக் காற்றுத் தரும் மிஷினாகப் பாருங்கள். அது உங்கள் பிளக்கில் ஓடாது என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் கரண்டில் ஓடும் கருவியை வாங்கிவிட்டு, சின்ன கம்ப்ரசரோடு திரும்பி வாருங்கள்.