அம்மாயி போட்ட கோலமும் கம்ப்யூட்டர் கணக்கும்!

மார்கழி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் விடியும் முன்பே தெருவில் வாளிச் சத்தம் கேட்கும். ராசிபுரத்தில் எங்கள் அம்மாயி சாணம் தெளித்து, புள்ளி வைத்து, கோடு அறுபடாமல் சிக்குக்கோலம் போட்டு முடித்துவிடுவார். "நோட்டுப் பாக்காம எப்படிங்க அம்மாயி?" என்று கேட்டால், "எங்க திரும்பணும்னு கைக்கே தெரியும் கண்ணு" என்பார்.

இதையேதான் ஆராய்ச்சியாளர்களும் கண்டுபிடித்தார்கள்!

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனுடன் சேர்ந்து கோலத்தின் 'இலக்கணம்' பற்றி எழுதிய கட்டுரை 1974-ல் வெளிநாட்டு கம்ப்யூட்டர் ஆய்விதழில் வெளியானது. பெண்கள் கோலத்தைப் படமாக மட்டும் நினைவில் வைப்பதில்லை. 'நேரே போ, வலப்பக்கம் திரும்பு, சுழித்து வா' என்று அசைவுகளாக வைத்திருக்கிறார்கள் என்பதை கிஃப்ட் கவனித்தார். கம்ப்யூட்டருக்குத் தரும் கட்டளையும் இப்படித்தானே!

காலிஃப்ளவரும் கோலமும்

காலிஃப்ளவரில் ஒரு கொத்தை உடைத்துப் பாருங்கள். அதுவே ஒரு குட்டி காலிஃப்ளவர். முழு உருவத்தின் சாயல் அதன் துண்டிலும் இருந்தால், அதற்குப் பெயர் 'ஃப்ராக்டல்'. கணித அறிஞர் மாண்டல்பிராட் 1975-ல் வைத்த பெயர் இது.

செடிகள் வளர்வதை, ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டு விளக்கும் முறையை 1968-ல் உருவாக்கினார் உயிரியல் அறிஞர் லிண்டன்மேயர். அதே முறையில் நம் கோலத்தையும் கம்ப்யூட்டரில் வரையலாம் என்று பிறகு தெரியவந்தது. எல்லாக் கோலமும் ஃப்ராக்டல் அல்ல. ஆனால், 'கிருஷ்ணரின் கொலுசு' என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் கோலம் அப்படிப்பட்டது. அதில் ஒரு துண்டு இருக்கும் இடத்தில் அதேபோல நான்கு வரும். அடுத்த கட்டத்தில் 16, அதற்கடுத்து 64. விதி ஒன்றுதான், வாசல்தான் பெரிதாக வேண்டும்!

சேலத்தில் என் வாடகை வீட்டு வாசலில் இருப்பது ஸ்டிக்கர் கோலம். டைல்ஸ் தரைக்கு அதுதான் வசதி என்று ஒட்டினேன். இதையெல்லாம் படித்த பிறகு கொஞ்சம் உறுத்துகிறது. கோலத்தின் படத்தை செல்போனில் சேமிக்கலாம். ஆனால், எங்கே திரும்ப வேண்டும் என்ற கணக்கு கையிலிருந்து கைக்குத்தான் வரும்.

இந்த வாரம் ஊருக்குப் போகிறேன். கோலமாவு டப்பாவோடு அம்மாயி பக்கத்தில் உட்காரப் போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கிறதா? இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்!