முருங்கைக்காய்க்கு 43 பைட்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் மீனும் தேடித் தென்னிந்தியர்கள் வருகிறார்கள். ‘அரை கிலோ’, ‘ஆதா கிலோ’, ‘ஏக் பாவ்’, ‘ரெண்டரை’ என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். எல்லாம் கடைக்காரருக்குப் புரியும். அங்கே சி மொழியில் எழுதிய பில் நிரல் ஒன்றை வைத்தால் என்ன ஆகும்?

சி படிப்பவர்கள் முதலில் பழகும் உள்ளீட்டுக் கட்டளை ‘ஸ்கேன்எஃப்’. எடையை முழு எண்ணாக அது எதிர்பார்க்கும்போது 2.5 என்று தட்டினால், 2-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘.5’ படிக்கப்படாமல் கிடக்கும். அடுத்து ‘விலை என்ன?’ என்று நிரல் கேட்டதுமே, நாம் எதையும் தட்டுவதற்கு முன் அந்தப் புள்ளி போய் நிற்கும். புள்ளியை முழு எண்ணாகப் படிக்க முடியாது. விலைக்கான மாறியில் ஏற்கெனவே கிடந்த மதிப்பே விலையாகிவிடும். ‘அரை’ என்று தட்டினாலோ, சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் நிரல் அதே எழுத்தில் முட்டி முடிவில்லாமல் சுற்றும்.

எத்தனை மதிப்புகளைப் படித்தேன் என்று ஸ்கேன்எஃப் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. அதைச் சோதிப்பது அவசியம், ஆனால் போதாது. 2.5 தட்டியபோதும் அது ‘ஒன்று படித்தேன்’ என்றுதான் சொல்லும்.

வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணையும் கேட்கிறோம். இந்தியச் செல்பேசி எண்கள் 10 இலக்கம். 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குபவை. 32 பிட் முழு எண்ணின் உச்சமோ 2147483647. ஆக, நம்மில் ஒருவருடைய எண்ணும் அதில் அடங்காது. அதை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொண்டு, இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதே முறை.

சரக்கின் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருக்கிறோம் என்று வையுங்கள். ‘முருங்கைக்காய்’ கண்ணுக்கு 7 எழுத்து. யூடிஎஃப்-8 முறையிலோ உயிர்மெய்யின் குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள்: மொத்தம் 14, ஒவ்வொன்றும் 3 பைட். முடிவைக் காட்டும் சுழியத்தையும் சேர்த்தால் 43. தமிழர் பயன்படுத்தும் நிரலைத் தமிழில் தட்டிச் சோதிக்காமல் வெளியிடவே கூடாது என்பேன்.

எல்லை பார்க்காத கட்டளையில் படித்தால் மிச்ச பைட்டுகள் பக்கத்து நினைவகத்தை அழித்தபடி எழுதப்படும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். யுனிக்ஸ் கணினிகளின் ‘ஃபிங்கர்’ சேவை 512 பைட் இடத்தை வைத்துக்கொண்டு ‘கெட்ஸ்’ கட்டளையால் படித்தது. புழு 536 பைட் அனுப்பியது. கெட்ஸை சி மொழித் தரத்திலிருந்து நீக்க 2011 ஆனது.

தட்டியது தவறு என்று வாடிக்கையாளரையோ கடைக்காரரையோ குறை சொல்வதில் நியாயமில்லை. முழு வரியையும் ‘எஃப்கெட்ஸ்’ கட்டளையால், இட அளவைச் சொல்லி, முதலில் எழுத்தாக வாங்க வேண்டும். வரி நீண்டு மிச்சம் இருந்தால் அதையும் படித்துக் கழித்துவிட வேண்டும். பிறகு ‘ஸ்ட்ர்டோடி’ கொண்டு எண்ணாக்கலாம். எந்த எழுத்தோடு நின்றேன் என்று அது காட்டும். ஓர் இலக்கமும் படிக்காமல் நின்றாலோ, வரிமுடிவுக்கு முன்பே நின்றாலோ மறுபடி கேட்க வேண்டும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் ‘நான்’ என்ற ஆங்கிலச் சுருக்கத்தையும் ஸ்ட்ர்டோடி ஏற்கும். சுழியத்துக்குக் குறைந்தால் தள்ளு, 50-ஐத் தாண்டினால் தள்ளு என்று எழுதியிருந்தால் அது இரண்டிலும் சிக்காது. அதனுடனான அத்தகைய ஒப்பீடு எதுவும் பொய்யே. சுழியத்துக்கு மேலும் 50-க்குள்ளும் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று எழுதினால் அது வெளியே நின்றுவிடும். மறுபடி கேட்கும்போது ‘தவறான உள்ளீடு’ என்று அதட்டாமல், ‘எடையை 0.5 போல எழுதுங்கள்’ என்று கேட்டால் போதும்.