சென்றதும் சேர்ந்ததும்: ஒத்தியங்கா வாய்க்கால்கள் பற்றி ஒரு விளக்கம்

தூது விடுதல் தமிழர்க்குப் புதியதன்று. கோப்பெருஞ்சோழன்பால் நட்புப் பூண்ட பிசிராந்தையார் அன்னத்தை விளித்துப் பாடியதைப் புறநானூற்றிலே காண்கிறோம். பிற்காலத்தில் முகிலும் கிளியும் நெஞ்சும் தூது சென்றன. தமிழே தூது சென்றதும் உண்டு. தூது விட்டவர் அனைவர்க்கும் பொதுவானது ஒரே கவலை: சென்றது சேர்ந்ததா? இக்கவலையைத் தீர்த்து வைத்த தூதன் அனுமன் ஒருவனே எனலாம். கணையாழி கொண்டு சென்றவன் சூடாமணி கொண்டு மீண்டமையாலன்றோ, தான் விடுத்த செய்தி சீதையைச் சேர்ந்ததென இராமபிரான் ஐயமற அறிந்தான்!

இக்காலக் கணினியியலிலும் இதே கவலை வேறோர் உருவில் எழுகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிதத்திலே சார்பு என்பது யாது என்பதை மாணவர் அறிவர். ஒரே உள்ளீட்டிற்கு எக்காலத்தும் ஒரே விளைவைத் தருவது சார்பு. இச்சார்புகளையே அடிப்படையாகக் கொண்டு கணினிக்குக் கட்டளை எழுதும் முறையைச் சார்புநிலைச் செய்நிரலாக்கம் என்பர். இம்முறையில் ஒருமுறை அமைந்த மதிப்பு பின்னர் மாறுவதில்லை. ஆதலின், ஒரு செய்நிரலினுள்ளே பல வேலையோட்டங்கள் ஒருங்கே நடைபெறும்போது, ஒன்றன் பொருளை மற்றொன்று கெடுத்துவிடும் என்னும் அச்சம் பெரிதும் நீங்குகின்றது. இவ்வோட்டங்களை ‘இழைகள்’ என்போம். இழைகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் வழியே ‘வாய்க்கால்’ ஆகும்.

வாய்க்கால் இருவகைப்படும். இவ்வேறுபாட்டைத் தெரணியகலைத் தோட்டப் பகுதியில் வாழ்வோர் எளிதில் உணர்வர். கொழுந்து பறித்த பெண் மடுவத்திலே தராசின் முன் நின்று, கணக்கப்பிள்ளை நிறுத்துப் பதிந்த பின்னரே அகல்கின்றாள். கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் நிற்றலின், இஃது ஒத்தியங்கும் வாய்க்கால். நிறுத்த கொழுந்தை மூட்டையாக்கித் தெருவோரம் அடுக்கிவிட்டு ஆட்கள் மலைக்குத் திரும்புகின்றனர். லொறி பின்னர் வந்து அதனைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்கின்றது. ஒருவர்க்காக மற்றவர் காத்திராமையின், இஃது ஒத்தியங்கா வாய்க்கால்.

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் டோனி ஹோர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை முதல் வகையைத் தழுவியது. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் ஜோ ஆம்ஸ்ட்ரோங் முதலியோர் உருவாக்கிய எர்லாங் மொழியோ இரண்டாம் வகையை மேற்கொண்டது. ஹாஸ்கெல் என்னும் தூய சார்புநிலை மொழிக்கு 1996இல் இவ்வசதி விரிவாக வகுக்கப்பட்டபோது, ஒரே பொருளை மட்டும் வைக்கத்தக்க சிறு பெட்டியொன்று அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அத்தகைய பெட்டிகளைக் கோத்தே ஹாஸ்கெலின் வாய்க்கால் அமைந்தது. இப்பெட்டிக்கு முன்னோடியான கருத்தை 1991இல் வெளியிட்டோருள் இந்தியரான அர்விந்தும் நிகிலும் அடங்குவர் என்பது நாம் மகிழ்தற்குரியது.

ஒத்தியங்கா வாய்க்காலின் நன்மை வெளிப்படை: அனுப்புவோன் காத்திருந்து காலம் கழிக்க வேண்டுவதில்லை. எனினும் இதனைப் புதிதாகக் கையாள்வோர் எதிர்பாராத விளைவுகள் நான்கினைக் காண்பர்.

முதலாவது, அனுப்புதல் முடிந்தது என்பதனாற் பெறுதல் நிகழ்ந்தது என்று கொள்ள இயலாமை. எர்லாங்கில், ஏற்கெனவே முடிந்துபோன ஓர் இழையின் அடையாள எண்ணுக்குச் செய்தி விடுத்தால், அனுப்புவோனுக்குப் பிழையென எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. இறந்தவர்க்கு எழுதிய கடிதம் அஞ்சற் பெட்டியில் தடையின்றி விழுவது போல அச்செய்தியும் சென்று மறைகின்றது.

இரண்டாவது, தேக்கம். ஓர் இழை வினாடிக்கு ஐந்து செய்திகளை இடுகின்றது. மற்றது வினாடிக்கு மூன்றையே எடுக்கின்றது எனக் கொள்வோம். வினாடிக்கு இரண்டு எஞ்சும். ஒரு மணி நேரத்தில் 7,200 எஞ்சும். ஹாஸ்கெலின் சாதாரண வாய்க்காலுக்கும் எர்லாங்கின் செய்திப் பெட்டிக்கும் கொள்ளளவு எல்லை இயல்பாக வகுக்கப்படவில்லை. ஆகவே சிறிய சோதனையிற் செவ்வனே இயங்கிய செய்நிரல், பல நாள் ஓடிய பின் நினைவகம் நிரம்பி வீழ்ந்துபடும். மேலும், தேங்கியது பழுதுபடவும் கூடும். மூட்டையிலே அடைபட்ட கொழுந்து சூடேறிச் சிவக்கின்றது. நேரத்தோடு சேராத இறப்பர்ப் பால் உறைந்து விலை குன்றுகின்றது. காலங்கடந்த விடையும் அத்தகையதே.

மூன்றாவது, வரிசை பிறழ்தல். ஓரிழை மற்றோரிழைக்கு அடுத்தடுத்து விடுக்கும் செய்திகள் விடுத்த வரிசையிலேயே சேரும் என எர்லாங் உறுதி கூறுகின்றது. ஆனால் மூவர் கூடிய இடத்தில் அவ்வுறுதி செல்லாது. துரை, ‘இன்று இயந்திரத்தை நிறுத்துக’ எனத் தொழிற்சாலைக்குக் கடிதம் விடுத்தபின் அச்செய்தியைக் கணக்கப்பிள்ளைக்கும் சொல்கின்றார். கணக்கப்பிள்ளை உடனே ஓராளை ஓடவிட்டு, ‘நிறுத்தியாயிற்றா?’ எனத் தொழிற்சாலையில் வினவுகின்றார். கடிதத்துக்கு முன்னே வினா சென்று சேர்ந்தால், அங்குள்ளோர் திகைப்பரன்றோ? வெவ்வேறு கணினிகளில் உள்ள இழைகளிடையே இது மெய்யாகவே நிகழத்தக்கது.

நான்காவது விளைவு ஹாஸ்கெல் போன்ற மொழிகளுக்கே சிறப்பாக உரியது, நுட்பம் மிக்கது. அம்மொழியில் ஒரு கணிப்பின் விடை தேவைப்படும் வரை அக்கணிப்பு நிகழ்த்தப்படுவதில்லை. இதனைச் ‘சோம்பல் மதிப்பீடு’ என்பர். ஆகவே கடினமான கணிப்பொன்றை முடித்து விடையை அனுப்புவதாக நாம் எண்ணும் இழை, உண்மையில் அக்கணிப்பைச் செய்யாமலே, அதனைச் செய்தற்கான குறிப்பை மட்டும் வாய்க்காலில் இட்டுவிடக்கூடும். கொழுந்தைப் பறியாது, ‘இன்ன மலையில் இன்ன நிரையில் கொழுந்து உண்டு’ என்று ஒரு சீட்டெழுதித் தொழிற்சாலைக்கு அனுப்பியதற்கு இஃது ஒப்பாகும். வேலையைப் பத்து இழைகளுக்குப் பகிர்ந்தளித்தவன், பத்தும் நொடியில் ஓய்ந்திருக்க, விடைகளைத் திரட்டும் ஓரிழையே எல்லாச் சுமையையும் தாங்கித் தவிப்பதைக் காண்பான். அக்கணிப்பினுள்ளே பூச்சியத்தால் வகுத்தல் போன்ற பிழை இருப்பின், அது பிழை செய்தவன் இடத்தில் வெளிப்படாது. பெற்றுத் திறந்தவன் தலையிலேயே விடியும். குற்றத்தைத் தேடுவோன் தவறான இடத்திலே நெடுநேரம் தேடுவான்.

இந்நான்கும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும் மூலம் ஒன்றே. ‘அனுப்பினேன்’ என்னும் சொல் ‘வாய்க்காலில் இட்டேன்’ என்பதற்கு மேல் எதனையும் குறிப்பதன்று. சேர்ந்தது, முறையாகச் சேர்ந்தது, செய்து முடித்துச் சேர்ந்தது என்பனவெல்லாம் நாமாக ஏற்றிச் சொல்லும் பொருள்களே.

மூலம் தெரிந்தபின் பரிகாரம் அரிதன்று. வாய்க்காலுக்குக் கொள்ளளவு வகுத்து, நிரம்பியபோது அனுப்புவோனை நிறுத்தி வைத்தல் தேக்கத்தைத் தீர்க்கும். ஆயினும், இருவர் ஒருவர்க்கொருவர் அனுப்ப முயன்று, இரு வாய்க்கால்களும் நிரம்பிவிடின், இருவரும் அசையாது நின்றுவிடும் முட்டுக்கட்டை நேராதவாறு காத்தல் வேண்டும். மதிப்பை முழுதும் கணித்த பின்னரே வாய்க்காலில் இடுமாறு கட்டளையிடின் நான்காம் இடர் ஒழியும். செய்திகளுக்குத் தொடரெண் இடின் வரிசைப் பிறழ்வை உணரலாம். எல்லாவற்றிலும் தலையாயது, பெற்றவன் பெற்றமை கூறி விடுக்கும் மறுமொழி, அதுவே சூடாமணி. மறுமொழியும் வழியில் தொலைதல் கூடும். அப்போது அனுப்பியவன் மீண்டும் அனுப்ப, ஒரே வேலை இருமுறை நடைபெறும். காசுக்கட்டளை ஒன்றற்கு இருமுறை பணம் கொடுத்தல் எத்தகையதோ அத்தகையது அது. ஆகவே தொடரெண்ணை நோக்கி, முன்னரே முடித்த வேலையை விலக்குதலும் பெறுவோன் கடமையாகும்.

இவையெல்லாம் கணினி வல்லுநர்க்கே உரிய செய்திகள் என எண்ணற்க. வாட்ஸப் என்னும் செய்திச் சேவையின் வழங்கிகள் எர்லாங் மொழியில் எழுதப்பட்டவை. அதிலே தோன்றும் ஒற்றைக் குறி, செய்தி சேவையகத்தை அடைந்தது என்றும், இரட்டைக் குறி, பெறுவோர் கைப்பேசியைச் சேர்ந்தது என்றும் பிரித்துக் காட்டுகின்றன. வெளிநாட்டில் உழைக்கும் மகளுக்குச் செய்தி விடுத்து, இரண்டாம் குறிக்காகக் காத்திருக்கும் தாய் இக்கட்டுரையின் பொருளை நம்மினும் நன்கறிவாள்.

தோட்டங்களிலோ இவ்வேறுபாடு பன்னெடுங்காலமாக வாழ்வையே தொட்டு வந்துள்ளது. லயங்களில் வாழ்வோர்க்குத் தனி முகவரி இன்மையால், அவர்தம் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திலே சேர்க்கப்பட்டு, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்த பின்னர் வந்ததாகக் கூறி வருந்தியோர் பலர். அனுப்பியவர் ஏட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று பதிவாகியிருக்கும், அது பொய்யன்று. ஆயினும் அவ்வுண்மை இளைஞன் ஒருவனது வாய்ப்பைக் காப்பாற்றவில்லை.

ஆதலின் நாளை செய்நிரல் எழுதப்போகும் மாணவரும், அலுவலகங்களிலே பொறுப்பேற்கப்போகும் மாணவரும் ஒன்றனை மனத்திற் கொள்வாராக. வாய்க்காலில் இட்டதோடு கடமை தீர்வதில்லை. சேர்ந்ததென அறிந்தபோதே தீர்கின்றது.