கேட்டபின் பேசுக

மலைநாட்டிலே பேச்சுக்கு மலையே தடை. மாத்தளைப் பள்ளத்தாக்கில் இருப்பார், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அப்புறத்தாரோடு கைவானொலியில் உரையாடுதல் எளிதன்று. உயர் மீடிறன் அலைகள் பெரும்பாலும் நேரே செல்வன. குன்று குறுக்கிடின் தளர்வன. இக்குறை தீர்க்கப் பயில்முறை வானொலியாளர் இன்று கையாளுங் கருவியே இலக்கமுறை ‘ஹொட்ஸ்பொட்’. உள்ளங்கையில் அடங்கும் இப்பெட்டி, கைவானொலியின் குரலை ஏற்று இணையவழி உலகெங்கும் அனுப்பும். மறுமொழியை மீள ஒலிபரப்பும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 10 மில்லிவாற்று.

“இத்துணைச் சிறியதை எம்மீடிறனில் வைத்தால் என்ன?” எனப் பழைய மாணவர் சிலர் எம்மை வினவினர். சிறிதெனினும் அண்மையில் இருப்பது பெரிது என்பதே விடை.

ஆசிய நாடுகள் பல அடங்கிய மூன்றாம் வலயத்திலே 430 முதல் 440 மெகாஹேட்ஸ் வரை பயில்முறை வானொலிக்குரியது. அதனுள் 435 முதல் 438 வரையுள்ள பகுதியில் செய்மதிகள் பேசுகின்றன. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தே சுழலும் அனைத்துலக விண்வெளி நிலையத்தின் மீள்பரப்பி 437.800இல் ஒலிக்கிறது. அதனைச் செவிமடுப்பார் ஒருவருக்கு 100 மீற்றரில் நம் பெட்டி இருப்பதாகக் கொள்வோம். தூரம் 4,000 மடங்கு குறைவு. ஆதலின் திறந்த வெளியில் வலிமை 1 கோடி 60 இலட்சம் மடங்கு மிகும். விண்கலத்தின் ஆற்றல் ஆயிரம் மடங்காயினும், நம் பெட்டியே 16,000 மடங்கு உரத்து ஒலிக்கும்! விண்ணின் மெல்லிய குரல் அதனுள் அமிழ்ந்துபோம்.

ஆகவே, முதலில் உரிமப்பத்திரம் வகுத்த எல்லையை நோக்குக. செய்மதிப் பகுதியையும், அவ்வூர் மீள்பரப்பிகளின் ஏற்கும் மீடிறன், அனுப்பும் மீடிறன் இரண்டையும் விலக்குக. வாகனச் சாவிகள் பல பயன்படுத்தும் 433.92இன் அயலையும் தவிர்க்க. எஞ்சியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, காலை, மாலை, இரவு எனப் பலபொழுதும் கேட்டறிக. அமைதி நிலவின் அங்கே அமைக்க. ஆற்றலை வேண்டியவளவே வைக்க.

இஃது வெறும் ஒழுங்குமுறை அன்று. 2004 திசெம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, தொலைபேசி செயலிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலைவழிச் செய்தி சேர்த்தோர் பயில்முறை வானொலியாளரே. அலைவரிசை வேறாயினும் அறம் ஒன்றே: இடருற்றான் குரல் பெரும்பாலும் மெலிந்தே வரும், அதற்கு வழிவிடல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு வானொலியில் என்ன வேலை என்பீராயின், வள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தமையை நினைவூட்டுவோம். நம் கல்லூரி மைந்தர் பேசுமுன் கேட்கும் பண்பினராய் விளங்குவாராக!