யாருடைய அறை வெப்பநிலை?

மேலைநாட்டுக் கேக் குறிப்பு எதை எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று வரிகளுக்குள் இப்படி ஒன்று வந்துவிடும்: "பட்டரை அறை வெப்பநிலையில் எடுத்துக்கொள்ளவும்." வாசிக்கும்போது இதைவிட இலகுவான கட்டளை இல்லை என்றே தோன்றும். ஆனால் அந்த அறை யாருடைய அறை? குறிப்பை எழுதியவர் இங்கிலாந்தில் இருந்தால் அவருடைய சமையலறை 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கிழக்குக் கரையோரத்தில் உள்ள என்னுடைய சமையலறை ஏப்ரல் மாதப் பிற்பகலில் 32 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் பட்டர் இளகுவதோடு நிற்காது, எண்ணெயாக வழியத் தொடங்கிவிடும்.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனி மணிகளின் கூரிய விளிம்புகள் பட்டருக்குள் சின்னஞ்சிறு காற்றுக்குமிழ்களைப் புகுத்துகின்றன. போறணைச் சூட்டில் விரிந்து கேக்கை மேலே தூக்குபவை இந்தக் குமிழ்கள்தான். பேக்கிங் பவுடரின் வேலை, ஏற்கனவே இருக்கும் குமிழ்களுக்குள் காபனீரொட்சைட்டை நிரப்பிப் பெரிதாக்குவது. பட்டர் 18 முதல் 21 பாகைக்குள் இருந்தால் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உருகிய பட்டருக்கு அந்தப் பிடி இல்லை. ஆகவே நான் பட்டரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடத்துக்குள் அடிக்கத் தொடங்கிவிடுவேன். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. "ஒரு மணித்தியாலம் வெளியே வைக்கவும்" என்று குறிப்பில் இருந்தாலும் அதைக் கேட்க வேண்டியதில்லை.

(ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் "அவனுக்குள் கேக்கை வைத்தேன்" என்று வந்து சிரிப்பை உண்டாக்கும். அதனால் இக்கட்டுரை முழுவதும் போறணை என்றே எழுதுகிறேன்.)

அளவுகளுக்கும் இப்படி ஊர் உண்டு. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியக் கப் 250. பழைய பிரித்தானியக் குறிப்புகளில் அரைப் பைந்து, அதாவது 284. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லிலீற்றர் என்றால் அவுஸ்திரேலியாவில் 20. கோதுமை மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு கப்பில் 120 கிராம் நிற்கும். கப்பையே மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் அது 150 ஆகிவிடும். நான்கு கப் என்று வரும்போது வித்தியாசம் 120 கிராம். ஆகவே போறணையை வாங்குவதற்கு முன் ஒரு சிறு தராசை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். முட்டையும் அப்படியே. பிரித்தானியாவில் பெரிய முட்டை என்றால் கோதுடன் 63 முதல் 73 கிராம். நான் கடையில் வாங்கி நிறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் 50 முதல் 55 கிராம். அங்கே நான்கு என்றால் இங்கே ஐந்து.

மேலைநாட்டுப் பண்டத்தை நம் வீட்டுக்கு ஏற்ப மாற்றுவது ஒன்றும் புதிய துணிச்சல் அல்ல. பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. சிங்கள நண்பர்கள் புத்தாண்டுக்குத் தரும் கொக்கிஸ், டச்சுக்காரரின் பிஸ்கட்டுக்கான பெயரைத் தாங்கி நிற்பது. ஆனால் அது அரிசி மாவும் தேங்காய்ப்பாலுமாக மாறி எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கிவிட்டது. லவ் கேக்கில் ரவையும் கஜுவும் பன்னீரும் ஏலமும் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். அந்தக் காலத்து வீட்டுப் பெண்கள் கையில் கிடைத்ததைக் கொண்டுதான் செய்திருக்கிறார்கள்.

நான் அளவுகளில் கை வைக்கத் தொடங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது ஏழு வருடங்களுக்கு முன் தெரியவந்தது. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த மகள் தாய் தகப்பனோடு இருப்பதுதான் வழக்கம். ஆகவே உம்மா, வாப்பா, நான், கணவர், மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் ஒரே வீட்டில். அஸர் தொழுகை முடிந்ததும் தேநீரோடு எல்லோரும் முன் விறாந்தையில் கூடுவது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்து வந்தது. வருத்தம் கண்ட பிறகு வாப்பா அந்த நேரத்தில் மெதுவாக எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கஷ்டம். அவர் முன்னால் தின்பது எங்களுக்குக் கஷ்டம். இரவுச் சாப்பாடும் நாளடைவில் அப்படியே ஆகிவிட்டது. அவருக்கென்று தனியாக அவித்த மரக்கறி, தனிப் பீங்கான், தனி நேரம். மருந்தை ஒழுங்காகக் குடித்தார். ஆள் மெலிந்ததோடு பேச்சும் குறைந்தது.

முதலில் பட்டர் கேக்கில் சீனியைக் குறைத்துப் பார்த்தேன். மா, பட்டர், சீனி ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை ஐந்து என்பது எங்கள் வீட்டு அளவு. சீனியை 185 கிராமாக்கியபோது பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. 150 ஆக்கியபோது கேக் வெளிறி, மறுநாளே காய்ந்துவிட்டது. காரணம் இதுதான்: சீனி இனிப்புக்காக மட்டும் கேக்கில் இல்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மேற்பரப்பைச் சிவக்க வைக்கிறது, மாவின் புரதம் இறுகாமல் தடுக்கிறது, முன்பு சொன்ன குமிழ்களையும் உண்டாக்குகிறது. இத்தனை வேலை செய்யும் ஒன்றைப் பாதியாக வெட்டினால் மற்ற வேலைகளும் பாதியாகும். காற்பங்கு குறைக்கலாம். அதற்கு மேல் போனால் அது வேறு பண்டம்.

அடுத்து கணக்குப் போட்டேன். 185 கிராம் சீனி போட்ட கேக்கை 25 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சீனி 7 கிராமுக்குச் சற்று மேல். 250 கிராம் போட்டிருந்தால் 10 கிராம். மிச்சம் பிடித்தது ஒரு தேக்கரண்டியை விடக் குறைவு! கோதுமை மாவும் குருதியில் குளுக்கோசாகத்தான் போய்ச் சேர்கிறது என்பதால் அதையும் கூட்டினால் ஒரு துண்டில் ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்தும் சீனியும். ஆகவே சீனி குறைத்த கேக்கை மருந்துபோல் நினைத்து இரண்டு துண்டு தின்பவர், சாதாரணக் கேக்கில் ஒன்று தின்பவரைவிட அதிகமாகவே உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். துண்டைப் பாதியாக்குவதுதான் உண்மையான குறைப்பு. "சீனி இல்லாத கேக்" என்று விளம்பரம் காணும் பெற்றோர்கள் மாவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். யாருக்கு எவ்வளவு ஆகும் என்பதை அவரவர் வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

பாணிலும் பரிசோதனை நடந்தது. பின்னேரம் பேத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு வரும் பாண் முச்சக்கரவண்டியை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் ஓடுவார்கள். அதில் பணிஸ்தான் அதிகம். வீட்டில் 375 கிராம் கோதுமை மாவும் 125 கிராம் குரக்கன் மாவும் கலந்து பாண் சுடத் தொடங்கினேன். குரக்கனில் குளுட்டன் இல்லை. கோதுமைப் புரதம் தண்ணீரோடு பிசையப்படும்போது இறப்பர் போல் இழுபடும் வலையாகிறது. நொதித்தலில் வரும் வாயுவை அடைத்து வைப்பது அந்த வலைதான். குரக்கன் கூடினால் வலை கிழிந்து பாண் கல்லாகும். காற்பங்கு வரை தாங்கும். நார்ச்சத்து கூடும், வயிறும் கெதியில் நிறையும். ஆனால் குரக்கனும் மாச்சத்துத்தான், அளவோடு இருக்கட்டும்.

இங்கேயும் அதே அறை வெப்பநிலைச் சிக்கல். மா இரண்டு மடங்காகப் பொங்க ஒன்றரை மணித்தியாலம் என்று குறிப்பு சொல்லும். நம் சமையலறையில் 40 நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் புளித்த மணம் வரும், சுடும்போது மேற்பகுதி அமிழும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் மதுவம் என்று படிக்கிறீர்களே, அது இந்த ஈஸ்ட்தான். உயிருள்ளது. அது 60 பாகையில் செத்துவிடும் என்பதால் கொதிநீரை ஊற்றக் கூடாது.

ஆனால் வீட்டு நிலைமையை மாற்றியது கேக்குமல்ல, பாணுமல்ல. கத்தரிக்காய். மூசாக்கா என்று ஒரு பண்டம் இருக்கிறது. பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. எகிப்திலும் சுற்றியுள்ள நாடுகளிலும் கத்தரிக்காயையும் தக்காளியையும் கொண்டு செய்வார்கள். கிரேக்கத்தில் அதை இறைச்சியோடு அடுக்கி, மேலே வெள்ளைச் சோஸ் ஊற்றிப் போறணையில் வைப்பார்கள். அந்தச் சோஸைச் சேர்த்தவர் நிக்கொலாஸ் செலமென்டேஸ் என்ற கிரேக்கச் சமையற்கலைஞர். பிரெஞ்சுச் சமையலின் பாதிப்பில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில். கிரேக்கர்களும் இறைச்சிக்குக் கறுவா போடுவார்கள் என்று அறிந்தபோது, பாதி வேலை நமக்கு ஏற்கனவே தெரியும் என்று பட்டது.

ஏழு பேருக்கு ஒரு கிலோ கத்தரிக்காய். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, உப்புத் தடவி 20 நிமிடம் வைத்துத் துடைத்துக்கொள்வேன். அவர்கள் பொரிப்பார்கள். கத்தரிக்காய் பஞ்சு போன்றது, எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே எண்ணெயை மெல்லிதாகப் பூசி 200 பாகையில் 25 நிமிடம் சுட்டுவிடுகிறேன். அரைக் கிலோ அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயம், உள்ளி, தக்காளி, கறுவா, மிளகு, சிறிது இறைச்சித் தூள் போட்டு ஈரம் வற்றும்வரை வதக்க வேண்டும். வெள்ளைச் சோஸுக்கு 50 கிராம் பட்டரில் 50 கிராம் மாவை வறுத்து, 600 மில்லிலீற்றர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டி, சாதிக்காய் துருவிப் போடுவது. மாவை நேரே சூடான பாலில் கொட்டினால் ஏன் கட்டி விழுகிறது? வெளிப்புற மாச்சத்து உடனே வீங்கிப் பசையாகி, உள்ளே இருக்கும் உலர் மாவைப் பூட்டிவிடுகிறது. பட்டர் ஒவ்வொரு மாத்துணிக்கையையும் பூசிப் பிரித்து வைப்பதால் அது நடப்பதில்லை. பிறகு கத்தரிக்காய், இறைச்சி, கத்தரிக்காய், மேலே சோஸ். 180 பாகையில் 40 நிமிடம். எடுத்தவுடன் வெட்டக் கூடாது. 20 நிமிடம் ஆறினால்தான் துண்டு நிற்கும்.

இதில் சீனி இல்லை. ஏழு பேருக்கும் சேர்த்து மா 50 கிராம்தான். சோறோ பாணோ வேண்டியவர் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாதவருக்கு இதுவே சாப்பாடு. வாப்பாவுக்கென்று வேறாக ஒன்றும் சமைக்காத முதல் இரவு அது. தட்டை நடுவில் வைத்தேன். ஸஹனைச் சுற்றி இருப்பதுபோல் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். வாப்பா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள இது, கத்தரிக்காய்க்கு மேல கேக் அடிச்சி ஊத்தியிருக்கா?" என்று கேட்டார். உம்மா, "இரிந்து திண்டு பாருங்களன்" என்றார். இருந்தார். சோஸ் முறுகிச் சிவந்த மூலைத் துண்டுக்கு மகனோடு போட்டி போட்டார். இப்போது கிழமையில் இரண்டு நாள் இப்படி ஒரு தட்டு: ஒரு நாள் மூசாக்கா, இன்னொரு நாள் சூரை மீனும் கோவாவும் வைத்துச் சுட்டது. மற்ற நாட்களில் வழமையான சமையல்தான், வாப்பா அதிலும் பக்கத்தில் இருக்கிறார். தேநீருக்கும் விறாந்தைக்கு வருகிறார். கேக் இருந்தால் அரைத் துண்டு.

இனிப்பு வகையில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டுக் குளிர்ப் பண்டங்கள் பலவற்றில் ஜெலட்டின் வரும். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்ற கேள்வி நமக்கு இருக்கிறது. ஹலால் முத்திரை இருந்தாலும் இன்னொரு சிக்கல் மிஞ்சும். ஜெலட்டின் 30 பாகையைத் தாண்டும்போது இளகத் தொடங்கும், நம் பகல் வெயிலில் பெருநாள் மேசையில் நிற்காது. நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசி 40 பாகைக்குக் கீழ் இறுகும், ஆனால் 85 பாகை வரை உருகாது. வாயில் கரையும் மென்மை அதற்கு வராது என்பது உண்மைதான். குறிப்பில் உள்ள அளவைவிடக் குறைத்துப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, சூடு முற்றாகத் தணியுமுன் பழக்கூழில் கலந்தால் போதிய அளவு மென்மையாக வரும்.

போறணை இல்லாத வீடுகளுக்கும் ஒரு வழி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமலிருந்ததையும், எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது அடிகனமான பெரிய சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணலைப் பரப்பி, விறகடுப்பில் அரை மணித்தியாலம் சூடாக்கினேன். மணலில் ஒரு வளையத்தை வைத்து, அதன்மேல் கேக் தட்டு. தட்டையான மூடியின்மேல் சிரட்டைத் தணல். கீழ்ச் சூடு மட்டும் இருந்தால் அடி கருகி மேற்பகுதி அவிந்த மாதிரி இருக்கும். சிவக்க வைப்பது மேல் தணல்தான். மணல் வெப்பத்தை ஏற்றத்தாழ்வு இல்லாமல் பிடித்துக்கொள்வதால் அடுப்பு கூடிக் குறைந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. பட்டர் கேக்குக்கு 50 நிமிடம் ஆனது, முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்கவில்லை. அந்த மணல் இப்போதும் ஒரு பால்மாப் பேணியில் இருக்கிறது. மழைக் காலத்தில் மின்சாரம் போகும் நாட்களில் எடுக்கிறேன்.